பெட்டகத்துப் பவுண் காசு: தங்கம் அசலா, காசு அசலா?

ஏறாவூரிலும் சுற்றியுள்ள எங்கள் ஊர்களிலும் பொம்பிளைப் பிள்ளைக்குப் போடும் நகையைப் பவுணில்தான் கணக்குப் பார்ப்பது வழக்கம். "அஞ்சு பவுண் போட்டாங்க, பத்துப் பவுண் போட்டாங்க" என்று நாம் கதைக்கும் இந்தப் பவுண், பிரித்தானியரின் பொற்காசு ஒன்றின் பெயர். அந்தக் காசின் நிறையை 8 கிராமாக முழுமைப்படுத்தித்தான் இன்றும் நகைக்கடைகளில் ஒரு பவுண் என்கிறார்கள். காசு புழக்கத்தை விட்டுப் போய் நெடுங்காலமானாலும், மூத்தம்மா காலத்துப் பெட்டகங்களில் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கத்தான் செய்கின்றன. சில தனிக் காசாக, சில வளையம் ஒட்டி மாலையில் கோத்ததாக.

1978 நவம்பர் சூறாவளிக்கும் 1990 ஆகஸ்ட் துயரத்துக்கும் தப்பி ஒரு வீட்டில் ஒரு காசு மிஞ்சியிருந்தால் அது பெரிய விஷயம். ஆனால் அது யார் வாங்கியது, எங்கே வாங்கியது, எந்தக் காலத்தில் வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் பல வீடுகளில் இன்று இல்லை. உம்மா மௌத்தாகிய பின் பிள்ளைகள் பாகம் பிரிக்க உட்காரும்போதுதான், "இது அசல் பவுணா, இல்ல முலாமா?" என்ற கேள்வி முதன்முதலில் எழுகிறது. அப்போது ஒருவர் கல்லில் உரைக்கச் சொல்வார், இன்னொருவர் திராவகம் விடச் சொல்வார், மற்றவர் கடித்துப் பார்ப்பார்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இது தங்கமா? இரண்டு, இது அந்தக் காசுதானா? தங்கம் அசலாக இருந்தும் காசு போலியாக இருக்க முடியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் நல்ல காசு அடிமாட்டு விலைக்குப் போகிறது, மறுபக்கம் போலிக் காசு ஒருவரின் பாகமாக விழுகிறது. இரண்டையும் தனித்தனியே, காசில் ஒரு கீறல்கூட விழாமல் பார்க்கலாம்.

முதலில், கையில் இருப்பது எந்தக் காசு?

எங்கள் பகுதியில் இருக்கக்கூடிய பழைய பொற்காசுகளில் முதலிடம் பிரித்தானியப் பவுணுக்கு. ஒரு பக்கம் அரசியின் அல்லது அரசரின் தலை. மறுபக்கம் பெரும்பாலும் குதிரையில் ஏறி நாகப்பாம்பு போன்ற மிருகத்தைக் குத்தும் வீரன். விக்டோரியா அரசியின் ஆரம்ப காலக் காசுகளில் கேடயச் சின்னம். இக்காலப் பவுண் 1817இல் அடிக்கத் தொடங்கியது. அதில் பெறுமதி எதுவும் எழுதப்பட்டிருக்காது. "ஒரு பவுண்" என்று ஆங்கிலத்தில் எழுதிய பழைய குதிரைக் காசு கிடைத்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது துருக்கியின் உஸ்மானிய லீரா. தலை உருவம் இராது; சுல்தானின் துக்ரா எனப்படும் பின்னல் கையெழுத்து இருக்கும். இதில் ஆண்டை வாசிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஹிஜ்ரி 1293 என்று இருந்தால் அது காசு அடித்த ஆண்டல்ல. இரண்டாம் அப்துல் ஹமீத் ஆட்சிக்கு வந்த ஆண்டு. ஆட்சியின் எத்தனையாம் வருடத்தில் அடித்தது என்பது தனியே சிறு இலக்கமாக இருக்கும். 1327 என்றால் சுல்தான் முஹம்மத் ரஷாத் ஆட்சிக்கு வந்த ஆண்டு.

ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களோடு வந்திருக்கக்கூடியது சவூதி ஜுனைஹ். ஹிஜ்ரி 1370 என்ற ஆண்டுடன் மன்னர் அப்துல் அஸீஸ் காலத்தில் வெளிவந்தது. அரபு நாட்டுச் சந்தைகளில் பிரித்தானியப் பவுண் பழகிப் போயிருந்ததால் அதன் நிறையிலேயே இதையும் அடித்தார்கள். இவை தவிர, தென்னிந்தியாவிலிருந்து வந்த வராகன் என்ற சிறு பொற்காசும் பழைய குடும்பங்களில் இருக்கலாம். கடைசிக் காலத்து நட்சத்திர வராகன் ஏறத்தாழ 3.4 கிராம்.

எடையும் அளவும்

பிரித்தானியப் பவுண் 22 கரட். அதாவது 12 பங்கில் 11 பங்கு தங்கம், ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. நிறை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீற்றர், தடிப்பு சுமார் 1.52 மில்லிமீற்றர். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். உஸ்மானிய லீராவும் 22 கரட்தான், நிறை 7.2 கிராம் அளவில்.

பழைய காசு கை மாறித் தேய்ந்திருக்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. 1870ஆம் ஆண்டின் பிரித்தானிய நாணயச் சட்டப்படி 7.938 கிராமுக்குக் கீழே போன பவுண் செல்லாக் காசு. எனவே புழங்கிய காசு 7.94க்கும் 7.99க்கும் இடையில் நிற்பது இயல்பு. மாலையில் கிடந்து அதிகம் தேய்ந்தது இன்னும் கொஞ்சம் குறையலாம். 7.99ஐத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். தேய்ந்த காசு நிறை கூடாது.

எடையை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் ஏலாது. எடை, அகலம், தடிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கம் மிகக் கனமான உலோகம். அதே அகலத்திலும் தடிப்பிலும் பித்தளையில் ஒரு காசு செய்தால் அது 4 கிராம்கூட வராது. செம்பில் சுமார் 4 கிராம், வெள்ளியில் 4.7, ஈயத்தில்கூட 5.1 கிராம்தான். போலி செய்பவன் எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். அளவைச் சரிக்கட்டினால் எடை குறைந்துவிடும். பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாக இருந்த 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டினத்துக்கு முலாம் பூசி போலிப் பவுண் செய்தவர்கள் இருந்தார்கள். இன்று அந்த உலோகமும் விலை கூடியதுதான்.

தண்ணீரில் நிறுப்பது

தடிப்பை அளப்பதில் பிழை வரும். காசில் மேடு பள்ளம் இருக்கிறது. அதனால் கனவளவை நேரே காண்பதுதான் நம்பகமான வழி. தண்ணீரில் நிறுத்து உலோகத்தின் சுத்தம் அறியும் இந்த முறை ஆர்க்கிமிடீஸ் பெயரோடு பாடப் புத்தகத்தில் வருகிறது. அதைத் துல்லியமான கருவியாக வளர்த்தவர்களில் முஸ்லிம் அறிஞர்கள் முக்கியமானவர்கள் என்பதைப் பாடப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அல்-பிரூனி கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றைச் செய்து, உலோகங்களும் இரத்தினங்களும் வெளியேற்றும் தண்ணீரை நிறுத்து அவற்றின் அடர்த்தியை ஒப்பிட்டார். மர்வ் நகரில் வாழ்ந்த அல்-காஸினி ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121 அளவில், 'மீஸான் அல்-ஹிக்மா' என்ற நூலை எழுதினார். ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் அரச கஜானாவுக்காக எழுதப்பட்ட அந்த நூலில் கலப்புத் தங்கத்தைக் கண்டுபிடிக்கும் நீர்த்தராசு விரிவாக விளக்கப்படுகிறது.

அவருக்கு முன் அல்-இஸ்ஃபிஸாரி என்ற அறிஞர் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டு அப்படியொரு தராசைச் செய்தார். தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய கஜானாப் பொறுப்பாளன் அதை உடைத்துப் போட்டான், அந்தக் கவலையிலேயே அவர் இறந்தார் என்று ளஹீருத்தீன் அல்-பைஹகீ எழுதி வைத்திருக்கிறார். தராசுக்குப் பயப்படுபவன் யார் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

அந்த முறையை இன்று வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்று, எடை குறைந்த பிளாஸ்டிக் கோப்பை, மெல்லிய நூல் போதும்.

முதலில் காசைக் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதுங்கள். மறுகா கோப்பையில் அரைவாசி தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, தராசைச் சைபருக்குக் கொண்டு வாருங்கள். காசை நூலில் கட்டி, முழுதாகத் தண்ணீருக்குள் தாழும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடியுங்கள். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல அசைத்துப் போக்குங்கள். தராசு இப்போது காட்டும் இலக்கம், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த இலக்கத்தால் பிரித்தால் அடர்த்தி வரும்.

நல்ல பவுண் காசுக்குத் தராசு 0.45 காட்டும். 7.98ஐ 0.45ஆல் பிரித்தால் 17.7. செம்பு கலந்த 22 கரட் தங்கத்தின் அடர்த்தி அதுதான். அதே எடையுள்ள 18 கரட் காசுக்கு 0.51 அல்லது 0.52 வரும், 14 கரட்டுக்கு 0.60 அளவில், பித்தளைக்கு 0.9ஐத் தாண்டும். சிறிய தராசில் ஒரு புள்ளி கூடக் குறையக் காட்டுவது சகஜம் என்பதால் மூன்று தரம் செய்து சராசரி எடுங்கள். 0.44க்கும் 0.46க்கும் இடையில் நின்றால் ஏற்றுக்கொள்ளலாம். இந்தத் தராசால் 22 கரட்டையும் 21 கரட்டையும் பிரித்தறிய ஏலாது. முலாம் பூசியதை அது தப்பவிடாது. வளையம் ஒட்டிய காசில் ஒட்டுப்பொடியும் வளையமும் வேறு தரமாக இருக்கலாம். அதனால் அதன் எடையும் அடர்த்தியும் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்து மட்டும் அதைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

ஊரில் செய்யும் மற்றச் சோதனைகள்

காந்தம் பிடித்துப் பார்ப்பது நல்லதுதான். ஒட்டினால் அது தங்கமல்ல. ஆனால் பித்தளை, செம்பு, ஈயம் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. "காந்தம் ஒட்டல்ல, அப்ப தங்கம்தான்" என்று சொல்ல முடியாது.

கடித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஈயம் தங்கத்தைவிட மெதுவானது.

உரைகல்லும் திராவகமும் தட்டாரின் தொழிலில் பழுத்த கையில் நல்ல கருவிகள். ஆனால் உரைகல் காட்டுவது மேற்தோலை மட்டும். முலாம் தடிப்பாக இருந்தால் கல்லில் விழும் கோடும் தங்கமாகவே இருக்கும். உள்ளே போக வேண்டுமானால் அரத்தால் ஆழமாகக் கீற வேண்டும். கீறிய நகையை மெருகிட்டுக் கொள்ளலாம், கீறிய காசு கீறியதுதான். சேகரிப்பாளர் கொடுக்கும் விலை அத்தோடு போய்விடும். எக்ஸ் கதிர் கொண்டு தங்கத்தின் தரம் சொல்லும் இயந்திரங்கள் காசைச் சேதப்படுத்தாது. அவையும் மேற்பரப்பைத்தான் வாசிக்கின்றன. ஆகவே இயந்திரச் சோதனையையும் தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துச் செய்தால், மேலேயும் உள்ளேயும் பார்த்ததாகிவிடும்.

தங்கம் அசல், காசு போலி

இரண்டாம் கேள்விக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மத்திய கிழக்குச் சந்தைகளில் பவுண் காசுக்கு அதன் தங்கத்தின் விலையைவிடக் கூடிய விலை இருந்தது. அந்த வித்தியாசத்தில் இலாபம் பார்க்க இத்தாலியிலும் லெபனானிலும் தனியார் பட்டறைகளில் பவுண் அடித்தார்கள். அவற்றில் பலவற்றில் தங்கம் சரியாகவே இருந்தது. இந்தப் போலிகளை எதிர்கொள்வதற்காகவே பிரித்தானியா 1957இல் மறுபடியும் பவுண் அடிக்கத் தொடங்கியது. இப்படிப்பட்ட காசு தண்ணீர்ச் சோதனையில் தேறிவிடும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் ஆண்டும் தலையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். விக்டோரியா அரசி 1901 வரை. ஏழாம் எட்வர்ட் 1902 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜோர்ஜ் 1911 முதல். ஐந்தாம் ஜோர்ஜின் தலையுள்ள கடைசிப் பவுண் 1932இல் தென்னாபிரிக்காவில் அடித்தது. 1937இல் ஆறாம் ஜோர்ஜின் முடிசூட்டு நினைவாகச் சிறு தொகை மட்டும் அடித்தார்கள். அதன் பின் 1957 வரை புழக்கத்துக்கு விட்ட பவுணில் புதிய ஆண்டு எதுவும் வரவில்லை. எட்வர்டின் தலையோடு 1913 என்றோ, 1940களின் ஆண்டோ பொறித்திருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

இரண்டாவது, அக்கசாலைக் குறி. 1887க்குப் பிந்திய குதிரைக் காசுகளில், குதிரை நிற்கும் தரைக் கோட்டில், ஆண்டு இலக்கத்துக்கு நேர் மேலே சிறு எழுத்து இருக்கும். சிட்னிக்கு எஸ், மெல்பேர்னுக்கு எம், பேர்த்துக்குப் பி, ஒட்டாவாவுக்குச் சி, பிரிட்டோரியாவுக்கு எஸ்.ஏ. எழுத்தில்லாதது இலண்டன். இந்தியாவின் குறி ஐ. அது பம்பாயில் 1918 என்ற ஒரே ஆண்டில், ஏறத்தாழ 13 இலட்சம் காசுகளுக்கு மட்டும் போடப்பட்டது. ஐ குறியோடு வேறு ஆண்டு இருந்தால் அது போலி.

மூன்றாவது, வேலைப்பாடு. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பாருங்கள். அசல் காசு அச்சில் ஓங்கி அடித்தது. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், வெளி இடம் வழுவழுப்பாக இருக்கும். வார்த்தெடுத்த போலியில் எழுத்து சவர்க்காரத்தில் தேய்ந்ததுபோல் மழுங்கி, வெளி இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குழிகள் தெரியும். விளிம்பின் கோடுகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிப் பொருத்துக் கோடு ஓடக் கூடாது. தேய்மானம் மேடான இடங்களில், அரசரின் கன்னத்திலும் தலைமுடியிலும், முதலில் வர வேண்டும். பள்ளம் தேய்ந்து மேடு புதிதாக இருந்தால் அது தேய்மானமல்ல, மோசமான அச்சு.

கலிமாக் காசும் புதையல் காசும்

எங்கள் சமூகத்தில் தனியே சொல்ல வேண்டிய ஒன்று, கலிமாவும் நான்கு கலீபாக்களின் பெயர்களும் பொறித்த மஞ்சள் நிறக் காசு. "இது றஸூலுல்லாஹ் (ஸல்) காலத்துத் தீனார்" என்று சொல்லி விற்கவும் பறக்கத்துக்காக வாங்கவும் செய்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் முஸ்லிம்கள் சொந்தமாகத் தீனார் அடிக்கவில்லை. ரோமர்களின் தீனாரும் பாரசீகத் திர்ஹமுமே புழங்கின. உருவமில்லாமல் எழுத்து மட்டும் கொண்ட தீனாரை உமையா கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல்தான் வெளியிட்டார். அதன் நிறை ஏறத்தாழ 4.25 கிராம். அதில் கலீபாக்களின் பெயர்களே இல்லை. நான்கு கலீபாக்களின் பெயர்கள் முகலாயக் காசுகளில் வருகின்றன. அந்தச் சாயலில் செய்த பித்தளை வில்லைகள்தான் பெரும்பாலும் இப்படிக் கைமாறுகின்றன. பெரியவர்கள் அன்போடு வைத்திருந்த பொருளாக அதை மதிக்கலாம். அதற்குத் தங்க விலையோ நபி காலத்துப் பெருமையோ கொடுப்பது பொய்யைச் சுமப்பதாகும்.

புதையல் காசு என்று வருவது வேறு வகை. காணி வெட்டும்போது பானை கிடைத்தது, இரகசியமாக விற்கிறோம் என்று வருவார்கள். சோதிக்கத் தரும் ஒரு காசு அசலாக இருக்கும். காசைக் கொடுத்து வாங்கும் பையில் மிச்சமெல்லாம் முலாமாக இருக்கும். புதையல் உண்மையானதாக இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ள முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. கண்டெடுத்தவர் அறிவிக்கவும் வேண்டும். அந்தச் சட்டம் தொல்பொருளுக்கு வைக்கும் எல்லை 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது என்பது. 1817க்குப் பிந்திய பவுண் இந்த எல்லைக்குள் வராது. வராகன் போன்ற பழைய காசை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுபவர் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டும்.

பாகம், ஸக்காத், மாற்றுதல்

இவ்வளவு பாடுபட்டு ஒரு காசைச் சோதிப்பது என்னத்துக்கு என்று கேட்கலாம். பாகம் பிரிக்கும்போது ஒரு பிள்ளை பணத்தையும் இன்னொரு பிள்ளை காசையும் எடுத்துக்கொள்வது வழக்கம். காசு போலியாகிப் போனால், எடுத்தவரின் ஹக்கு குறைந்துவிடுகிறது. அரிய காசாக இருந்து தங்க விலைக்கு மட்டும் மதித்திருந்தால், மற்றவர்களின் ஹக்கு குறைந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அது தெரியவரும்போது கூடப் பிறந்தவர்கள் முகம் பார்க்காமல் போகிறார்கள். பிரிக்கும் முன்பே எல்லோர் முன்னிலையிலும் சோதித்து எழுதிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஸக்காத்தும் இதில் தங்கியிருக்கிறது. 20 தீனார் என்ற நிஸாபை 85 கிராம் தங்கமாகக் கணக்கிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கலப்பு நீங்கிய தங்கமே கணக்கில் வரும். ஒரு பவுண் காசில் 7.32 கிராம் தங்கம் என்பதால், காசு மட்டுமே வைத்திருப்பவருக்கு 12 காசில் நிஸாப் நிறையும். காசு எது, முலாம் எது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. மாலையாகக் கோத்து அணியும் காசின் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாலையைக் கொடுத்துப் புதிய நகை எடுக்கும் வழக்கத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கைபர் போரின்போது ஃபளாலா இப்னு உபைத் (ரழி) அவர்கள் தங்கமும் மணிகளும் சேர்ந்த ஒரு மாலையை 12 தீனாருக்கு வாங்கினார். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கமே 12 தீனாரைவிடக் கூடுதலாக இருந்தது. பிரித்தறியும் வரை அப்படி விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கலந்து கிடக்கும் பொருளில் தங்கம் எவ்வளவு என்று தெரியாமல் கைமாற்றாதீர்கள் என்பது பதினான்கு நூற்றாண்டுப் பழைய பாடம். பழைய மாலையை மொத்தமாகத் தராசில் போடும் முன், காசு எத்தனை, கல் எத்தனை, ஒட்டு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகு புதியதை வாங்குவது மார்க்கத்துக்கும் கணக்குக்கும் சுத்தமான வழி.

செய்ய வேண்டியவை

காசைப் புளி, சாம்பல், பற்பசை எதனாலும் விளக்காதீர்கள். நிறம் மங்கியிருந்தால் அப்படியே இருக்கட்டும். விளக்கிய காசைச் சேகரிப்பாளர் விரும்புவதில்லை. வளையத்தை வெட்டி எடுக்காதீர்கள். ஓரத்தால் பிடியுங்கள். இரு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். ஆண்டு, குறி, நிறை, குறுக்களவு, தண்ணீரில் வந்த இலக்கம் ஆகியவற்றோடு, அது யாருடையது, எப்படி வந்தது என்று வீட்டில் தெரிந்த அளவையும் ஒரு தாளில் எழுதி, காசோடு வையுங்கள். ஒன்றுக்கு இரண்டு கடையில் விலை கேளுங்கள். சோதிக்கும்போது காசு உங்கள் கண்ணைவிட்டுப் போகக் கூடாது. பெரிய தொகை சம்பந்தப்பட்டதானால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தை நாடலாம். பழைய காசுகளைக் கண்ணால் பார்த்துப் பழக, கொழும்பு தேசிய நூதனசாலையும் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையும் இருக்கின்றன.

சோதித்துப் பார்த்து முலாம் என்று தெரிந்தால் அதை வைத்திருந்தவரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் நம்பித்தான் வாங்கியிருப்பார். ஆனால் தெரிந்த பின் அதை அசல் என்று இன்னொருவர் கையில் வைத்தால் அந்தப் பாரம் நம்முடையதாகிவிடும்.